திருட்டு மூச்சு

எங்கள் பேண்டில் நான் பெரிய முரசு அடிப்பவன். மூச்சைப் பற்றிப் பேச உனக்கு என்ன யோக்கியதை என்று கெலேபியின் மனைவி கத்தலீனா என்னைப் பலமுறை கேட்டிருக்கிறாள். நியாயம்தான். குழல்காரர்கள் கன்னம் வீங்கிக் கண் பிதுங்கி ஊதிக்கொண்டிருக்கும்போது நான் பாட்டுக்குத் தோலை அடித்துக்கொண்டு நிற்பேன். நடுவில் கொட்டாவிகூட விடலாம், யாருக்கும் தெரியாது. ஆனாலும் கெலேபியின் அந்த ஒரு மூச்சைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவன் எங்கள் ஊர் ஃபாங்காலேயில் கிடையாது. அவன் அதை எடுத்த அன்று கொப்பரைக் கொட்டகையில் கூட இருந்தவன் நான் ஒருவன்தான்.

கெலேபி ஊதுவது யூஃபோனியம். மடியில் பிள்ளையைச் சாய்த்துக்கொள்கிற மாதிரி சாய்த்துக்கொண்டு ஊதுகிற பெரிய பித்தளைக் குழல். பகலில் பவளப்பாறையில் ஆக்டோபஸ் குத்துவான், வள்ளிக்கிழங்குத் தோட்டம் பார்ப்பான். மாலையில் குழலை எடுத்துவிட்டால் ஆள் மாறிவிடுவான். எங்கள் ஹாஅபாய்த் தீவுகள் முழுக்க அவனுக்கு ஈடு கிடையாது. அது அவனுக்கும் தெரியும். நடையிலேயே தெரியும்.

அவனுடைய அத்தை லாவினியா ஆக்லாந்திலிருந்து திரும்பி வந்தது புயல் பருவம் முடிந்த கையோடு. சர்க்கரை வியாதியில் இடது கால் முழங்காலோடு போயிருந்தது. புருஷன் செத்தபிறகு அங்கே போய், நடமாட முடியாத வயசாளிகளை வீடுகளில் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவள். ஒரே மகன் இசிலேலி அங்கேயே லாரி ஓட்டுகிறான். "கடலைப் பாத்துட்டே சாவணும்" என்று சொல்லி இவள் மட்டும் வந்துவிட்டாள். கெலேபியின் வீட்டை ஒட்டி அவளுக்கு ஓர் அறை, கடலைப் பார்த்து ஒரு ஜன்னல்.

அத்தை என்றால் எங்களில் சும்மா இல்லை. அப்பாவே அவளுக்கு ஒரு படி கீழேதான், அப்பா பெற்ற பிள்ளைகள் அதற்கும் கீழே. அவள் பன்றியைக் கேட்டால் பன்றி, பாயைக் கேட்டால் பாய். அத்தை கேட்டு மறுத்தவன் வீட்டில் பிள்ளைகளுக்குச் சீக்கு வரும் என்பார்கள். நான் அதையெல்லாம் நம்புவதில்லை. என் அத்தை கேட்டபோது மட்டும் புது மிதிவண்டியைக் கொடுத்துவிட்டேன்.

லாவினியா வந்து கொஞ்ச நாளில் கெலேபியைக் கூப்பிட்டு, பெட்டியிலிருந்து சில அச்சுத் தாள்களை எடுத்துக் கொடுத்தாள். நான் அவனுக்கு ஈரப்பலாக்காய் கொண்டுபோனவன், கத்தலீனாவோடு வாசலில் நின்றிருந்தேன்.

"இத ஊது," என்றாள்.

அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அத்தை, இது செல்லோவுக்கு எழுதுனது."

"தெரியும். தெனம் சாயங்காலம் கேட்டவ நான். நீ சொல்லித்தான் தெரியணுமா?"

"அது கால் நடுவுல வெச்சு வில்லால இழுக்கறது. இது வாயி."

"வாய்க்கு உனக்கென்ன கொறச்சல்?"

கத்தலீனா களுக்கென்று சிரித்தாள். அவன் அவளை முறைத்தான்.

"யாரு வாசிச்சாங்க அத்தை?"

"நான் பாத்துக்கிட்டேனே, அந்தப் பெரியவர். முன்னூறு வருசத்துப் பாட்டாம், ஏதோ ஜெர்மன்காரரு எழுதுனது." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எம் பெட்டியத் தூக்கறப்ப இத ஊதணும். வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"ஒரு கால் முன்னாடியே போய் எடம் போட்டுருச்சு. மிச்சம் எப்ப வேணா கெளம்பும்."

கெலேபி தயங்கினான். "உங்க சாவுல நான் அடுப்புப் பக்கமில்ல நிப்பேன்? பெட்டிகிட்ட எப்படி வர்றது?"

அவன் கேட்டதும் சரிதான். சாவு வீட்டில் செத்தவளின் தம்பி பிள்ளைகள் தாழ்ந்த பக்கம். மார்பு வரைக்கும் கிழிந்த பாயைச் சுற்றிக்கொண்டு கொல்லையில் விறகும் புகையுமாகக் கிடக்கவேண்டும். பெட்டிக்குக் கிட்டே வரக்கூடாது.

"அடுப்புப் பக்கமே நில்லு, யாரு வேண்டாம்னா? அங்கேர்ந்தே ஊது. பொகைக்குள்ளேர்ந்து வந்தாலும் எனக்குக் கேக்கும்."

"சரி அத்தை," என்றான். வேறு என்ன சொல்வான்?

ஊருக்குத் தெற்கே, கடலோரம், கொப்பரை காயவைக்கிற பழைய தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. கெலேபி விடிந்ததும் அங்கே போய்விடுவான். அரைகுறையாக ஊதுவதை ஊர் கேட்கக்கூடாது என்ற கௌரவம். கரியால் தகரத்தில் எண்களை எழுதுவான். எங்கள் பக்கம் சுரங்களை எண்களால்தான் எழுதுவோம், மூன்றில் தொடங்கி ஒன்பதில் முடியும். அச்சுத் தாளில் கோட்டிலும் இடுக்கிலும் ஏறி உட்கார்ந்திருந்ததை எல்லாம் எண்ணாக்கி, சுவர் பூராவும் எழுதி, அழித்து, மறுபடி எழுதினான். நானும் போய் உட்காருவேன். மூட்டையின் மேல் சாய்ந்துகொண்டு மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டே கேட்பேன்.

முதல் தகராறு ஆழம். செல்லோவின் அடிக்கம்பி போகிற ஆழத்துக்கு எங்கள் மூன்று பொத்தான் குழல் இறங்காது. அதனால் பாட்டு முழுவதையும் நாலு படி மேலே தூக்கினான். தூக்கியதும் உச்சியில் கீச்சிட்டது. உதட்டை இறுக்கிப் பழகினான், உதடு வெடித்தது. அடுத்த தகராறு, செல்லோக்காரர் மூன்று கம்பிகளை ஒரே இழுப்பில் உரசிவிடுவார். இவனுக்கு ஒரு வாய். கீழ்ச் சுரத்தைத் தொட்டவுடன் மேலே தாவினான். முதலில் கேட்க விக்கல் மாதிரி இருந்தது. போகப் போக, யாரோ படியில் ஒரு கால் வைத்துத் திண்டில் ஏறுவது மாதிரி ஆகிவிட்டது. எனக்கே அது பிடித்தது.

தாளில் பென்சிலால் வில்லை இப்படி இழு, அப்படி இழு என்று குறிகள் இருந்தன. குழலுக்கு அவற்றால் என்ன பிரயோஜனம்? வில் திரும்பிக்கொண்டே இருக்கும், அதற்கு மூச்சு வேண்டாம். பேண்டிலும் மூச்சு ஒரு கஷ்டமே இல்லை. நான் வாங்கும்போது நீ ஊது, நீ வாங்கும்போது நான் ஊதுகிறேன் என்று முப்பது பேர் ஊதினால், மூச்சே வாங்காத ஒரு பெரிய மிருகம் மாதிரிக் கேட்கும். கெலேபி அதையும் யோசித்தான். இன்னொரு யூஃபோனியத்தைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அத்தையிடம் கேட்டுப் பார்த்தான்.

"ஒரு ஆளுதான் வாசிப்பாரு," என்றாள் அவள். "ஒரு ஆளு ஊது."

பாட்டு முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஏற்றம் வரும். ஏறிக்கொண்டே போகும், நிற்க இடமே கிடையாது. கெலேபி அங்கே போய்ச் சேரும்போது முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிடும். பாதியில் குழலை எடுத்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூச்சிரைப்பான். எத்தனை காலை இப்படிப் போனது என்று சொல்ல முடியாது.

ஒருநாள் காலை நிற்காமல் போய்விட்டான். ஏறி, உச்சிக்குப் போய், இறங்கி முடித்தே விட்டான். நான் கிழங்கைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினேன். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"ஒரு சுரத்த முழுங்கிட்டேன்," என்றான்.

"எங்க?"

"ஏத்தத்துக்குத் திரும்பற எடத்துல. கீழ ஒரு ஆறாம் நம்பர் இருக்கு. அத விட்டுட்டு அங்க மூச்சு வாங்கினேன்." தகரத்தில் அந்த எண்ணைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்தான். "திருட்டு மூச்சு."

"ஒண்ணுதானேப்பா. யாரு எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கா?"

"அத்தைக்குத் தெரியும். தெனம் கேட்டவ." விரலில் ஒட்டிய கரியைத் துடைத்துக்கொண்டே, "வெளியில சொல்லிடாத மோசேசே," என்றான்.

கொட்டகைக்கும் ஊருக்கும் நல்ல தூரம். காற்று சத்தத்தை வழக்கமாகக் கடல் பக்கம்தான் கொண்டுபோகும். சில நாள் திரும்பும். அப்படி ஒருநாள் அவன் வீட்டுக்கு வந்தபோது லாவினியா கையில் போனோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "இன்னிக்குக் காத்து இந்தப் பக்கம்," என்றாள்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதாவது கேட்டுதா அத்தை?"

"அலை சத்தம்," என்றாள். "நீ எப்ப முழுசா முடிக்கப் போற?"

"கொஞ்சம் சரி பண்ணணும் அத்தை. சரியானதும் முதல்ல உங்களுக்குத்தான்."

அவள் சரியென்று தலையாட்டினாள். அவன் அப்படிச் சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னான்.

அந்த சனிக்கிழமை நல்ல மழை. தோட்ட வேலை இல்லை. மதியத்திலேயே பேண்டுக் கொட்டகையில் போதை தரும் காவா வேரைக் கரைத்த கிண்ணத்தை நடுவில் வைத்து உட்கார்ந்துவிட்டோம். டிராம்போன் ஊதுகிற லிசியாதே ஆக்லாந்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு அந்த வாரம்தான் வந்திருந்தான். அவன் சும்மாவே வாயை மூடமாட்டான். ஊருக்குப் போய்விட்டு வேறு வந்தவன்.

"லாவினியாவுக்கு அந்த வெள்ளக்காரக் கெழவர் சாவுல எந்த எடம் தெரியுமா?" என்று ஆரம்பித்தான். "மொத பெஞ்சு! பெத்த பொண்ணு இந்தப் பக்கம், இவ அந்தப் பக்கம். எந் தங்கச்சி அங்க சாப்பாடு எடுத்துட்டுப் போனவ, கண்ணால பாத்திருக்கா."

"பாத்துக்கிட்டவதானே, மரியாதைக்கு உக்கார வெச்சிருப்பாங்க," என்றேன் நான்.

"மொத பெஞ்சுல எவனாவது வேலைக்காரிய உக்கார வைப்பானா? ஒன் சாவுல நீ யார உக்கார வைப்ப? கேளு, இன்னும் முடியல. ஒருத்தன் வந்து செல்லோவுல ஒரு பாட்டு வாசிச்சானாம். கெழவர் தெனம் வாசிச்ச பாட்டாம். இவ அழுத அழுகைல பாதிரியாரு பேசினதே கேக்கலயாம். மாத்திரை குடுக்க வெச்ச ஆளு அப்படியா அழும்? மாத்திரையத்தான் குடுத்தாளோ, வேற என்னத்தக் குடுத்தாளோ!"

சிரிப்பு கிளம்பியது. பாதிச் சிரிப்பில் நின்றும் போனது. வாசலில் கெலேபி, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, நனைந்த குழலைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான்.

அத்தையைப் பற்றி அப்படி ஒரு பேச்சு தம்பி மகன் காதில் விழக்கூடாது. விழுந்தால் பேசியவனுக்கும் கேவலம், கேட்டவனுக்கும் கேவலம். எழுந்து போய்விட்டால் கேட்டதை ஒத்துக்கொண்ட மாதிரி. கெலேபி உள்ளே வந்தான், உட்கார்ந்தான். கிண்ணம் அவனிடம் வந்தது. வழக்கப்படி கைதட்டி வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். லிசியாதே கூரையைப் பார்த்து, "மழை விடாது போல," என்றான். "விடாது," என்றான் கெலேபி. நான் அப்போது முரசுத் தோலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் எல்லோரும் மழையைப் பற்றி ரொம்ப நேரம் பேசினோம்.

மறுநாளிலிருந்து கெலேபி கொப்பரைக் கொட்டகைப் பக்கம் போகவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நான் வீட்டுக்கே போனேன். கத்தலீனா மற்றப் பெண்களோடு மரப்பட்டைத் துணி அடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கை ஓய்ந்துபோய், சேம்பிலையில் மாட்டிறைச்சியும் தேங்காய்ப்பாலும் வைத்துப் பொதிந்துகொண்டிருந்தாள். கெலேபி ஆக்டோபஸைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தான். அது எப்போதோ மெத்தென்று ஆகிவிட்டது, அவன்தான் நிறுத்தவில்லை.

"கேளு உன் கூட்டாளிய," என்றாள் அவள் என்னிடம். "அத்தை தெனம் கேக்குது, எங்கடா எம் பாட்டுன்னு. இவன் என்ன சொல்றான் தெரியுமா? பொத்தான் சிக்கிக்கிச்சாம். கப்பல்ல நுகுஅலோஃபாலேர்ந்து எண்ணெய் வரணுமாம்."

"சத்தம் போடாதடி, பக்கத்துல கேக்கும்."

"கேக்கட்டுமே. நேத்து கேட்டுது, எண்ணெய் வந்துச்சாடான்னு. கப்பல் வரலங்கறான். கப்பல் ஜன்னலுக்கு நேரா ஊதிக்கிட்டுப் போச்சு, மோசேசே! அத்தை பாத்துக்கிட்டுதான் இருந்துச்சு."

"என்ன சொல்லிச்சு?"

கத்தலீனாவின் குரல் இறங்கிவிட்டது. "'ஆமா, கடல் மோசமாத்தான் இருக்கு'ன்னுச்சு. கடல் எண்ணெய் ஊத்தின மாதிரி கெடந்துச்சு அன்னிக்கு."

கெலேபி ஆக்டோபஸைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். "நான் அத ஊதினா லிசியாதே என்ன பண்ணுவான்? பக்கத்துல இருக்கறவன இடிப்பான். இதான் அந்தப் பாட்டு, கெழவன் பாட்டும்பான். அத்தைய மண்ணுக்குள்ள எறக்கறப்ப ஊர் சிரிக்கணுமா? நானே ஊதி நானே சொல்லிக் குடுக்கணுமா?"

"அத்தைக்கு வெக்கமா இருந்தா அது கேக்குமா? வெக்கம் யாருக்கு? அத்தைக்கா, உனக்கா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"பாவம், புரியாதுதான். காவாவ மட்டும் குடிச்சிட்டு வரத் தெரியுது."

அவன் ஆக்டோபஸை எடுத்து மறுபடி அடிக்கத் தொடங்கினான். அவனுடைய கழுத்து சிவந்திருந்தது. நான் வந்த வேலையைச் சொல்லாமலே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

திமிங்கிலங்கள் குட்டியோடு தீவுகளுக்கு இடையே வந்து போகிற குளிர்மாதத்தில் லாவினியா செத்துப்போனாள். காலையில் ஜன்னலைத் திறக்கச் சொன்னாளாம். கத்தலீனா திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது போய்விட்டிருந்தாள்.

இசிலேலி விமானத்தில் வந்து இறங்கினான். பெரிய ஆள், சாந்தமான ஆள். தாயின் தலைமாட்டில் உயர்ந்த பக்கத்துப் பெண்கள் பாய்களுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். ராத்திரி முழுக்கப் பாட்டு. விடிந்ததும் நான் பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் கொல்லையில் அடுப்புக் குழி வெட்டப் போனேன். கெலேபி அங்கே மார்புவரை கிழிந்த பாயோடு, கயிற்றால் கட்டிக்கொண்டு, பன்றியின் வயிற்றில் சூடான கற்களை வைத்துக்கொண்டிருந்தான். கண் புகையில் கலங்கியிருந்தது. தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பின்னால் சாக்கில் சுற்றிய ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் வடிவம் எனக்குத் தெரியாதா? கொண்டுவந்துவிட்டான் என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு முரசோடு வீட்டு வாசலுக்குப் போனேன்.

பேண்டு தெருவில் வரிசையாக நின்றது. நான் கடைசி ஆள், ஓரம். அங்கிருந்து பார்த்தால் வீட்டின் பக்கவாட்டில் அடுப்பங்கொல்லை தெரியும். பெட்டியைத் தூக்கினார்கள். பேண்டுத் தலைவர் கையை உயர்த்தினார். அப்போது இசிலேலி பெட்டிக்கு முன்னால் வந்து உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினான்.

எல்லாம் நின்றது. தூக்கியவர்கள் பெட்டியும் கையுமாக நின்றார்கள். பாதிரியார் இசிலேலியைப் பார்த்தார், அவன் யாரையும் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்றான். அழுதுகொண்டிருந்த பெண்களும் என்னவோ ஏதோவென்று நிறுத்திவிட்டார்கள். கொல்லையில் பன்றிக் கொழுப்பு நெருப்பில் விழுந்து சீறுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

நான் கெலேபியைப் பார்த்தேன். அவன் கை சாக்கின் மேல் இருந்தது. கத்தலீனா விறகுக் கட்டோடு அவனுக்கு எதிரே நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தெருப்பக்கம் பார்த்தான். டிராம்போன்கள் முன்வரிசையில் நின்றன, லிசியாதே நின்றான். கெலேபி சாக்கிலிருந்து கையை எடுத்தான். இடுக்கியை எடுத்துக் குனிந்து, திருப்பத் தேவையே இல்லாத ஒரு கல்லைத் திருப்பினான்.

பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவன் தோள் மாற்றினான். இசிலேலி கையை இறக்கினான். நான் முரசை அடித்தேன். வழக்கமான துதிப்பாட்டோடு கல்லறைக்குப் போனோம். பாவம், தாயை விட மனசில்லாமல் நிறுத்தினான் என்று ஊர் முழுக்கப் பேசிக்கொண்டார்கள்.

அடக்கம் முடிந்து சாப்பாட்டில் பாதிரியார் எழுந்து பேசினார். "கெலேபியப் பாருங்க. ஹாஅபாயிலேயே அவனுக்கு மேல குழல்காரன் இல்ல. இன்னிக்கு அவன் குழலத் தொட்டானா? நம்ம வழக்கம் தெரிஞ்சவன். தாழ்ந்த பக்கம் நின்னு அடுப்புதான் ஊதினான்." எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள், சிலர் கைதட்டினார்கள். கெலேபி அப்போது கிழங்குக் கூடையோடு உள்ளே வந்தவன், கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தலை நிமிராமல் வெளியே போனான். அதையும் பணிவென்றே எடுத்துக்கொண்டார்கள்.

பத்தாம் நாள் கல் கழுவினோம். எரிமலைத் தீவிலிருந்து வந்த கறுப்புக் கூழாங்கற்களைக் கடற்கரையில் கொட்டி, உறவெல்லாம் சுற்றி உட்கார்ந்து கழுவித் தேங்காயெண்ணெய் தடவிக் கல்லறைமேல் பரப்புகிற நாள். தாழ்ந்த பக்கத்துக்காரர்களின் தலைமயிரைக் கத்தரித்தாகிவிட்டது. கெலேபி மொட்டைக்குக் கொஞ்சம் மேலாக ஒரு தலையோடு ஓரத்தில் உட்கார்ந்து கல் தேய்த்துக்கொண்டிருந்தான். பேண்டுக்காரர்களும் இருந்தோம்.

இசிலேலி எழுந்து வந்து, தன் இடம் அது இல்லை என்று பார்க்காமல், கெலேபியின் பக்கத்திலேயே சம்மணம் போட்டான்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்," என்றான். "அம்மா போன்ல சொல்லியிருந்தாங்க. பெட்டியத் தூக்கறப்ப அடுப்புப் பக்கம் காது குடுடான்னாங்க. நானும் தூக்கினவங்கள நிறுத்தி வெச்சேன். ஒண்ணும் கேக்கலையே?"

கல் தேய்த்துக்கொண்டிருந்த கைகள் பல நின்றன. கெலேபி கல்லை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காரணத்தை அவளுடைய மகனிடம் எப்படிச் சொல்வான்?

"எனக்கு வரல," என்றான். "அது செல்லோப் பாட்டு. நம்ம குழலுக்கு ஒத்து வராது. நானும் முட்டிப் பாத்தேன்."

ஒரு மெட்டைக் கூட வரவில்லை என்று அவன் வாழ்நாளில் சொன்னதில்லை. அத்தனை பேர் நடுவில் சொன்னான்.

இசிலேலி சிரித்தான், நல்ல சிரிப்பு. "பணிவுக்கும் ஒரு அளவு இருக்கு கெலேபி." சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எதையோ தட்டிக் கல்லின்மேல் வைத்தான்.

முதலில் காற்று. அப்புறம் தூரத்தில் யூஃபோனியம். அத்தையின் ஜன்னலிலிருந்து எடுத்தது, சேவல் ஒன்று கூவியது, நடுவில் எங்கள் வீட்டு நாயும் குரைத்தது. ஆனால் பாட்டு தெளிவாக வந்தது. கீழே தொட்டு மேலே தாவியது, இறங்கியது, ஏற்றத்துக்குத் திரும்பியது. அந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் உச்சிவரை போய் முழுசாக முடிந்தது. முடிந்ததும் மிகக் கிட்டத்தில் லாவினியாவின் குரல்.

"கேட்டியா இசி? ஏறறதுக்கு முன்னாடி அங்க மூச்சு வாங்கறான் பாரு. கிரெகரியும் அங்கதான் வாங்குவாரு. வில்லுக்கு எதுக்கு மூச்சு? ஆனா வாங்குவாரு, பக்கத்துல உக்காந்திருந்தா கேக்கும். நான் இவங்கிட்ட சொல்லவே இல்லடா, இவனா கண்டுபிடிச்சிருக்கான்."

அவ்வளவுதான். இசிலேலி போனை எடுத்து வைத்துக்கொண்டான்.

யாரும் யாரையும் இடிக்கவில்லை. "கிரெகரியா அவரு பேரு?" என்று வயசான ஒருத்தி கேட்டாள். "ஆமா," என்றான் இசிலேலி. "எங்கம்மாவ நல்லா வெச்சிருந்தாரு." "புண்ணியவான்," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கல்லை எடுத்தாள். ஊர் அந்த விஷயத்துக்குச் செலவழித்தது அத்தனைதான். லிசியாதே கையிலிருந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு நல்லா ஊதியிருக்க," என்றான் இசிலேலி. "அப்புறம் ஏன்?"

கத்தலீனா எழுந்து கடல் பக்கம் போய்விட்டாள். கெலேபிக்கு வேறு பொய் கிடைக்கவில்லை, பழைய பொய்தான் வந்தது.

"பொத்தான் சிக்கிக்கிச்சு."

இசிலேலி தொடையில் தட்டிக்கொண்டான். "அட! அம்மா அதையும் சொன்னாங்களே. எண்ணெய் வரலடா, கப்பலே சரியா வரதில்ல, பாவம் அவன் தவிச்சுக்கிட்டிருக்கான், வர்றப்ப வாங்கிட்டு வாடான்னு." கால்சட்டைப் பையில் துழாவி ஒரு சின்னக் குப்பியை எடுத்தான். ஆக்லாந்துக் கடையின் சீட்டுக்கூடப் பிரிக்காத, குழல் பொத்தானுக்குப் போடுகிற எண்ணெய். "வாங்கிட்டுதான் வந்தேன். அழுகைல, அலைச்சல்ல குடுக்க மறந்துட்டேன். அன்னிக்குக் காலைலயே குடுத்திருந்தா நீ ஊதியிருப்ப. தப்பு எம்மேலதான். மன்னிச்சுக்க."

கெலேபி இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டான். அவனுடைய குழலின் பொத்தான்கள் ஒருநாளும் சிக்கியதில்லை என்று பேண்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, லிசியாதேகூட. எல்லோரும் குனிந்து கற்களைக் கழுவிக்கொண்டிருந்தோம்.